அட்டையை நீட்டுவதும் மனுவை நீட்டுவதும்

2023 ஆகஸ்ட் 31ஆம் தேதி சேலத்திலும் ஈரோட்டிலும் தினமலர் வாங்கியவர்கள் முதல் பக்கத்தில் கண்ட தலைப்பு, பள்ளிக்கூடக் கக்கூஸைப் பற்றியது. அரசு தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடும் திட்டம் மாநிலம் முழுக்க விரிவடைந்து அப்போது ஆறே நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு இரட்டைச் சாப்பாடு, அதனால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்பது அந்தத் தலைப்பின் சாரம். அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் உட்படப் பலரும் கண்டித்தார்கள். அதே பெயரில் மற்ற ஊர்களில் வெளிவரும் பதிப்புகளின் நிர்வாகம், ஈரோடு–சேலம் பதிப்பு தனி நிர்வாகத்தில் நடக்கிறது, அந்தச் செய்தியில் எங்களுக்கு உடன்பாடில்லை என்று சொல்லி விலகிக்கொண்டது. சேலத்தில் வருஷக்கணக்காக அந்தப் பேப்பரை வாங்கிப் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது, மதுரையில் அவர் சம்பந்தி படிக்கும் தினமலரும் இவர் படிக்கும் தினமலரும் ஒரே அடுப்பில் சமைத்தவை இல்லை என்று.

ஆனால் தலைப்பில் பெரிய தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. “கொஞ்சம் நாகரிகமா எழுதியிருக்கலாம்ப்பா. ஆனா விஷயம் சரிதானே? சும்மா குடுத்துக் குடுத்து சனங்களைக் கெடுத்து வச்சிருக்காங்க” என்றார். அம்மாபேட்டையில் எட்டு விசைத்தறி வைத்து ஓட்டியவர் அவர். தறிக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற கோபம் அவருக்கு இருபது வருஷமாக உண்டு. அந்தக் கோபத்தையும் ரேஷன் அரிசியையும் யார் முதலில் முடிச்சுப் போட்டார்களோ, அவர் பார்க்கும் சேனல் அந்த முடிச்சு அவிழாமல் பார்த்துக்கொள்கிறது. அவர் சொல்வதில் அனுபவம் எவ்வளவு, சேனல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியதன் விளைவு இந்தக் கட்டுரை.

ஓசி, விலையில்லா, உரிமை

முதலில் சொற்கள். கொடுப்பதற்குத் தமிழ்நாட்டில் இருக்கும் பெயர்களை வரிசையாக வைத்தால் அதிலேயே அரசியல் தெரியும். 2006இல் கலர் டிவி ‘இலவசம்’ என்றே வந்தது. 2011இல் ஜெயலலிதா ஆட்சியில் அரிசி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் அரசாணைகளில் ‘விலையில்லா’ ஆயின. பொருள் ஒன்றுதான்; வாங்குகிறவருக்குக் கூச்சம் வரக்கூடாது என்பது ஒரு காரணம், முந்தைய ஆட்சியின் சொல்லை எடுக்கக்கூடாது என்பது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அது உதவித் தொகையாக இல்லாமல் ‘உரிமைத் தொகை’ ஆனது. வீட்டில் சம்பளமில்லாமல் பெண்கள் பார்க்கும் வேலைக்கு ஓர் அங்கீகாரம் என்று அரசு காரணம் சொன்னது.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2022 செப்டம்பரில், அமைச்சராக இருந்த பொன்முடி ஒரு கூட்டத்தில் பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை ‘ஓசி’ என்று சொல்லிவிட்டார். கம்பெனி காலத்துத் தபாலில் குத்திய முத்திரையிலிருந்து பிறந்த சொல் என்று அதற்கு ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, தமிழில் அது வசவுதான். சில நாளில் கோவையில் ஒரு மூதாட்டி, ஓசியில் வரமாட்டேன், காசு வாங்கிக்கொள் என்று நடத்துனரிடம் மல்லுக்கட்டும் வீடியோ எல்லாக் கைப்பேசிக்கும் வந்தது. ஒரு தரப்புக்கு அது தன்மானத்தின் குரல். பிறகு, அதைத் திட்டமிட்டு எடுத்தார்கள் என்று அ.தி.மு.க.வினர் மீது வழக்குப் பதிவானது. இன்னொரு தரப்புக்கு அது நாடகம். இரண்டு தரப்புச் சேனல்களுக்கும் நடுவே நழுவிப் போனது ஒன்று உண்டு. வீடியோ எப்படி எடுக்கப்பட்டிருந்தாலும், அமைச்சர் வாயில் அந்தச் சொல் வந்தது நிஜம். திட்டத்தைக் கொடுத்த கட்சியே, வாங்குகிறவரை மனசுக்குள் எப்படிப் பார்க்கிறது என்பது அந்த ஒரு நொடியில் வெளியே வந்துவிட்டது.

தில்லியிலும் இதே கதைதான். 2022 ஜூலையில் பிரதமர் மோடி தேர்தல் இலவசங்களை ‘ரேவடி’ என்று சாடினார். ரேவடி என்பது வடக்கே விற்கும் எள்ளுமிட்டாய். விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் போடும் திட்டம் அவருடைய அரசினுடையதே. 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தபோது, அதனால் விட்டுக்கொடுக்கும் தொகை வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று நிதியமைச்சகமே சொன்னது. அதற்கு எள்ளுமிட்டாய்ப் பெயர் எதுவும் வைக்கப்படவில்லை. ஊக்கம் என்றார்கள். ஏழைக்குப் போனால் சோம்பேறியாக்கும் பணம், கம்பெனிக்குப் போனால் சுறுசுறுப்பாக்குமாம்.

சேலத்தின் பழைய கணக்கு

இரக்கத்துக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி சேலத்துக்குப் புதிதில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1937இல் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்புக்கு வந்ததும் மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்திய மாவட்டம் இதுதான். தேதி 1937 அக்டோபர் 1. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். குடிகாரன் வீட்டுப் பெண்பிள்ளை மேல் காட்டிய இரக்கத்துக்கு செவ்வாய்ப்பேட்டை மளிகைக்கடையில் சாமான் வாங்குகிறவர் பணம் கட்டினார் என்று சொல்லலாம். அது சரியா தப்பா என்பது வேறு. கணக்காவது வெளிப்படையாக இருந்தது.

இப்போது கணக்கு தலைகீழ். 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 கடைசியில் சில்லறை விற்பனையையும் மொத்தமாகத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 2023–24இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். உரிமைத் தொகை தொடக்கத்தில் சுமார் 1.06 கோடிப் பெண்களுக்குப் போனது. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் 12,720 கோடி. “அந்த மனுசன் கடையில குடுக்கறத என் கணக்குல போடறாங்க. நடுவுல முக்கால்வாசி காணாமப் போயிருது” என்பாள் என் அத்தை. அரசு வருமானம் எல்லாம் ஒரே பையில்தான் விழும், இந்தக் காசுக்கு இந்தச் செலவு என்று ஒட்டிப் போடுவதில்லை என்று நான் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொள்ளவில்லை. இந்த எண்களுக்கு ஒரு விவாத மேடையையும் பார்க்க வேண்டியதில்லை. மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இணையத்தில் கிடைக்கிறது. படிக்க அலுப்பாக இருக்கும். அதில் கத்துகிறவர் யாரும் இல்லை.

சாப்பாட்டுத் திட்டத்தின் வரலாறும் ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் சிறிதாகத் தொடங்கியது, 1956இல் காமராஜரால் மாகாணம் முழுக்கப் பரவியது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவாக அதைப் பெரிதாக்கினார். சின்ன வயதில் தான் பட்ட பசியே அதற்குக் காரணம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மாநிலம் தாங்காது, ஓட்டுக்காகச் செய்கிறார் என்று அப்போது எழுதியவர்கள், பேசியவர்கள் நிறைய. 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அதை நிறுத்தவில்லை, முட்டை சேர்த்தார். இன்றைக்கு எந்தச் சேனலும் சத்துணவை இலவசம் என்று சொல்லாது. நாற்பது வருஷத்தில் அது பள்ளிக்கூடத்தின் சுவர் மாதிரி ஆகிவிட்டது. காலை உணவு புதிது, அதனால் அதற்குக் கக்கூஸ் தலைப்பு.

சேனல் மாறவில்லை, சாவி மாறியது

தமிழ்நாட்டில் தலைவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் கட்சிக்காரர்களின் சொந்தக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. 1993இல் சன் டிவி வந்தது. 1999இல் ஜெயா டிவி. பா.ம.க.வுக்கு மக்கள் தொலைக்காட்சி, தே.மு.தி.க.வுக்கு கேப்டன். 2007இல் சன் டிவியின் மாறன் சகோதரர்களுடைய தினகரன் நாளிதழ் வெளியிட்ட ஒரு கருத்துக்கணிப்பால் மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று பேர் உயிரிழந்தார்கள். மாறன் சகோதரர்களுக்கும் கருணாநிதி குடும்பத்துக்கும் விரிசல் விழுந்தது, அதே வருஷம் செப்டம்பரில் கலைஞர் டிவி பிறந்தது. கேபிள்காரர்களே ஒரு காலத்தில் உள்ளூர்ச் செய்தி ஆசிரியர்கள். இன்று மாநிலம் முழுக்கத் தெரிந்த பாலிமர் சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலாகத் தொடங்கியதுதான். எங்கள் தெருச் சாக்கடையை அதில் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் எனக்குப் பாடமாக அமைந்தது 2017. 2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா இறந்தார். அடுத்த ஆண்டு எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரானார். சில மாதத்தில் அ.தி.மு.க. பிளந்தது. ஆட்சி ஒரு பக்கம் நின்றது, ஜெயா டிவியும் நமது எம்.ஜி.ஆர். நாளிதழும் சசிகலா குடும்பத்தின் பக்கம் நின்றன. அதுவரை அமைச்சர்களின் ரிப்பன் வெட்டுகளை விடாமல் காட்டிய சேனல், அதே அமைச்சர்களின் ஊழலைத் தேடத் தொடங்கியது. கட்சி 2018இல் தனக்கென ஒரு நாளிதழையும் நியூஸ் ஜெ சேனலையும் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அமைச்சர்கள் அவர்களேதான். திட்டங்களும் அவையேதான். சேனலில் செய்தி வாசித்தவர்கள்கூடப் பலர் பழையவர்களே. பூட்டின் சாவி மட்டும் கை மாறியது. ஒரே வாரத்தில் ஒரு மனிதர் நல்லவரிலிருந்து கெட்டவராக மாறுவதை ஒரே திரையில் பார்த்தவர்கள் நாம். அதற்குப் பிறகும் சேனலை வைத்து மனிதரை எடை போடுகிறோம் என்றால், தராசு கோணல் என்று தெரிந்தே அதே கடைக்குப் போகிறோம்.

இந்தச் சாய்வு பொய்யால் வேலை செய்வது குறைவு. 2020 டிசம்பர் 19இல் எடப்பாடி தொகுதியில் பிரசாரத்தைத் தொடங்கிய பழனிசாமி, அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பொங்கலுக்கு 2,500 ரூபாய் என்று அறிவித்தார். தேர்தலுக்கு நாலு மாதம்கூட இல்லை. தேர்தலுக்காகக் கொடுக்கிறார் என்றது தி.மு.க.; அதே கட்சி, கொரோனா நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 கொடு என்று கேட்டுக்கொண்டும் இருந்தது. ஆட்சி மாறி 2022 பொங்கலுக்கு ரொக்கம் இல்லாமல் 21 பொருள் கொண்ட பை வந்தபோது, வெல்லம் உருகி ஓடுகிறது என்ற புகார் பெரிதாக வெடித்தது. வெல்ல மண்டி இருக்கும் ஊரில் அந்தச் செய்திக்கு எப்படிப்பட்ட வரவேற்பு இருந்திருக்கும்! இரண்டு தரப்புச் சேனல்களும் சொன்னதில் பொய் என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். எதைக் காட்டுவது, எவ்வளவு நேரம், யார் முகத்துக்கு மைக் நீட்டுவது என்பதில் வேலை முடிந்துவிடுகிறது.

பெரியப்பா 2,500ஐப் பற்றிச் சொன்னது: “நம்ம மண்ணுக்காரர், கஷ்டம் தெரிஞ்ச மனுசன்.” 2023 பொங்கலின் 1,000 ரூபாயைப் பற்றி: “ஓட்டுக்கு அட்வான்ஸ்.” என் சின்ன மாமா, கிச்சிப்பாளையத்தில் இருப்பவர், இதை அப்படியே திருப்பிப் போட்டுச் சொன்னார். இரண்டு பேரும் இரண்டு தடவையும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

தறியும் முன்பணமும்

இனி, சனங்கள் கெட்டுப்போனார்களா என்ற கேள்வி. பெரியப்பாவின் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. ரேஷன் அரிசி மாவு மில்லுக்கும் தீவனத்துக்கும் போவது உண்மை, எல்லை தாண்டுவதும் உண்மை. பிடிபட்ட மூட்டைகளின் படம் மாதம் ஒன்றாவது வருகிறது. அவர் வீட்டிலேயே அரிசி அட்டை இருக்கிறது. அந்த அரிசி மாட்டுக்குக் கஞ்சியாகிறது.

ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சில் ஒரு பாதி எப்போதும் விட்டுப் போகிறது. இந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே முழு வாக்கியம். தறிப் பகுதிகளில் முன்பணம் என்று ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று முதலாளியிடம் மொத்தமாகப் பணம் வாங்கிவிட்டால், அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. கூலியில் பிடித்தம் போக மிச்சத்தில் குடும்பம் நடக்கும். நடக்காதபோது மறுபடி முன்பணம். புது முதலாளி பழைய கடனை அடைத்துவிட்டு ஆளைக் கூட்டிப்போவார். கடன் தீர்ந்ததாகாது, முதலாளி மாறியதாகத்தான் ஆகும். சார்ந்திருப்பது என்றால் இதுதான் சார்ந்திருப்பது. இதை எந்த விவாதத்திலும் சோம்பேறித்தனத்தோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை.

மாதம் இருபது கிலோ அரிசி வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தத் தொழிலாளி ஒரு வாரம் தாக்குப்பிடிக்கலாம். அந்த ஒரு வாரத்தில் வேறு இடம் தேடலாம், கூலி பேசலாம், சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறைக்குப் போகலாம், திருப்பூருக்கு பஸ் ஏறலாம். பெரியப்பாவின் தறியை விட்டுப் போன ஏழு பேரில் ஒருவர்கூட வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கணக்கெடுத்துச் சொன்னபோது அவரே எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒருத்தன் மட்டும் குடிச்சே செத்தான்” என்றார்.

உலக அளவிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மெக்சிகோ, மொராக்கோ, நிகரகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அரசிடம் பணம் வாங்கிய குடும்பங்கள் வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டதற்கு முறையான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

நான் பார்த்தவரை, மனிதரைக் குனிய வைப்பது கிடைக்கும் பொருளோ பணமோ இல்லை. அது கிடைக்கும் வழி. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டைப் போட்டு ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்தது. அதனால் இங்கே ரேஷன் கடையில் ஏழை என்று நிரூபிக்க வேண்டாம்; அட்டையை நீட்டினால் போதும். பெரியப்பா வீட்டு மாட்டுக்குக் கஞ்சி கிடைப்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. அட்டையை நீட்டுகிறவர் எந்த வட்டச் செயலாளருக்கும் வணக்கம் வைக்க வேண்டியதில்லை. கேட்டு வாங்க வேண்டியது எதுவோ, யாரோ ஒருவர் ‘பார்த்துச் செய்தால்’ கிடைப்பது எதுவோ, அங்கேதான் ஆள் ஆளைச் சார்ந்திருக்க வேண்டிவருகிறது. வீடு, பட்டா, கடன், முதியோர் தொகை இதெல்லாம் மனுவின் வழி.

விதி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே சமூகத்தார் இல்லை. காரணம், பட்டியலில் சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் பெயர் எழுதப்பட்டது, பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் பெயர் எழுதப்படவில்லை. ஒரு மாவட்டப் பெயர் விடுபட்டதால் ஒரு மலைப் பிள்ளைக்கு இடஒதுக்கீடும் உதவித்தொகையும் உண்டு, இன்னொரு மலைப் பிள்ளைக்கு இல்லை. இதற்குப் பல பத்தாண்டுகளாகக் கோரிக்கை இருக்கிறது. பல ஆட்சிகள் வந்து போய்விட்டன. ஒரு இரவு ஒன்பது மணி விவாதத்தை இதற்காக நான் பார்த்ததில்லை, ஏனென்றால் இதில் எந்தத் தலைவரையும் திட்டவோ புகழவோ வழியில்லை.

திட்டத்துக்குத் தலைவர் பெயர் வைப்பதும் மனுவின் வழியைச் சேர்ந்ததுதான். அம்மா உணவகம், கலைஞர் உரிமைத் தொகை, பிரதமரின் பெயரில் வரும் மத்தியத் திட்டங்கள் என்று எல்லாக் கட்சிக்கும் இதில் பங்கு உண்டு. 2025இல் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களுக்கு எதிராக அ.தி.மு.க. எம்.பி. சி.வி.சண்முகம் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவும் வாங்கினார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, எல்லாக் கட்சிகளும் செய்வதை ஒருவர் மீது மட்டும் ஏன் கேள்வியாக்குகிறீர்கள் என்று 10 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அந்த முகாம்களில் நடப்பது மனு வாங்குவதுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உரிமைத் தொகைக்கு என் அத்தையும் விண்ணப்பித்தாள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வருஷ மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், சொந்தக் கார் கூடாது என்று விதிகள். ஓசூரில் தனியாக இருக்கும் மகன் பெயரில் ஒரு பழைய கார் இருந்தது, அட்டையில் அவன் பெயரும் இருந்தது. தகுதியில்லை என்று குறுஞ்செய்தி வந்தது. இ–சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், செய்தாள். அதோடு நிற்காமல் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கையிலும் ஒரு மனு கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதித் தந்தவர் பெரியப்பா. ஆமாம், அதே பெரியப்பாதான். தங்கச்சிக்கு இல்லாத இலவச எதிர்ப்பா.

வாங்கிப் படித்தேன். பொருள் என்ற இடத்தில் ‘மகளிர் உரிமைத் தொகை வேண்டுதல் – தொடர்பாக’ என்று அடிக்கோடு. கடைசி வரியில் ‘ஐயா அவர்கள் கருணை கூர்ந்து வழங்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’.

“உரிமைத் தொகைக்கு எதுக்குங்க பெரியப்பா கருணை?” என்று கேட்டேன்.

“மனுன்னா அப்படித்தான்டா எழுதணும்” என்றார். அத்தை வாங்கி நாலாக மடித்து ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.